முந்தாநாள் மீன்குழம்பு

செவ்வாய்க் கிரகத்தின் மூன்றாம் குடியிருப்பில் ஃபிரிட்ஜைத் திறக்க ஃபிரிட்ஜிடமே அனுமதி கேட்க வேண்டும். அதன் நெற்றியில் பொட்டளவுக்கு ஒட்டியிருக்கும் முகர்வி, உள்ளே இருக்கும் கிண்ணங்களை மணிக்கொரு தரம் மோந்து பார்க்கும். பச்சை விளக்கு எரிந்தால் சாப்பிடலாம். சிவப்பு எரிந்தால் கதவு திறக்காது, ஒரு மணி நேரத்தில் கிண்ணம் உரக்குழிக்குப் போய்விடும். மனிதர்கள் தங்கள் சொந்த மூக்கால் மோந்து பார்ப்பது சட்டப்படி குற்றம்.

அன்று மதியம் ஸ்டெல்லாவின் மீன்குழம்புக்குச் சிவப்பு எரிந்தது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை குலுக்கலில் விழும் அரைக்கிலோ தொட்டி மீன் அது. பனிச்சுரங்கத்தில் ஆறு மாதம் வேலை பார்த்த புருஷன் சகாயராஜ் முந்தாநாள் வருகிறான் என்று ஆசை ஆசையாக வைத்த குழம்பு. புழுதிப்புயல் அவனை இரண்டு நாள் வழியிலேயே உட்கார வைத்துவிட்டது. ஸ்டெல்லா ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை, கவலைப்படவும் இல்லை. மீன்குழம்பு ஆற ஆறத்தான் ருசி ஏறும் என்பது தூத்துக்குடிக்காரிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகர்விக்குத்தான் அந்த ஊர் ஞானம் இல்லை.

"ஏ மூதி, தெற கதவ! புளி ஊத்தி வச்ச கொழம்பு எங்கயாவது கெடுமா?"

"மன்னிக்கவும் அம்மா," என்று முகர்வி குழைந்தது. "சமைத்து நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகிவிட்டது. இன்னும் ஐம்பது நிமிடத்தில் அப்புறப்படுத்தப்படும்."

அந்த நேரம் பார்த்து சகாயராஜின் குரல் சுவர் ஒலிபெருக்கியில் கேட்டது. "ஸ்டெல்லா, அரை மணி நேரத்துல வந்துருவேன். கொழம்பு இருக்குல்லா?"

"இருக்கு, வாங்க," என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் சிவப்பு விளக்கைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு மாதம் ஐஸைச் சுரண்டிவிட்டு வருகிற மனுஷனுக்கு மறுபடியும் பாசிக் கஞ்சியையா ஊற்றுவது?

"நான் சாப்பிடக் கூடாது, சரி. அப்ப வேற யாருதான் சாப்பிடலாம்?" என்று எரிச்சலில் கேட்டு வைத்தாள்.

"குடும்பத்தாருக்கு ஆகாது. விருந்தாளிக்கு ஆகவே ஆகாது. வேலைக்காரிக்கு என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். அவருக்கு இன்னும் மூன்று நாள் தாங்கும்."

"ஒரே கொழம்புதான?"

"ஒரே குழம்புதான் அம்மா. பூமியின் பல லட்சம் சமையலறைகளில் மனிதர்கள் எடுத்த முடிவுகளைப் பார்த்துத்தான் நான் படித்தேன். எல்லாரும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள்."

அது பொய்யில்லை. குடியேற்ற விண்ணப்பத்தோடு பத்து வருடச் சமையலறைப் பதிவைக் கொடுத்தால் முன்னுரிமை என்றதும் ஸ்டெல்லாவும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவள்தான்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "அப்ப நான்தான் இந்த வீட்டு வேலைக்காரி. எழுதிக்கோ."

பச்சை எரிந்தது. ஆனால் கிண்ணம் வரவில்லை. பக்கத்துத் துவாரத்திலிருந்து மூடி உடைந்த பழைய ஐஸ்க்ரீம் டப்பா ஒன்று வந்தது, அதற்குள் குழம்பு.

"இந்தா, சூடு பண்ணிச் சாப்டு. டப்பாவக் கழுவிக் கொண்டாந்துரு," என்றது முகர்வி.

ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டின் மற்றச் சாமான்களும் முகர்வியின் பேச்சைத்தான் கேட்கும்; அவள் உட்காரப் போனதும் நாற்காலி சுவருக்குள் மடிந்துகொண்டது. தண்ணீர் கேட்டாள். "ஒன் டம்ளர் ஜன்னல்ல தனியா இருக்கு பாரு," என்று பதில் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"போதும். என்னய வீட்டுக்காரியா மாத்து."

"அம்மா வரட்டும், கேட்டுச் சொல்லுதேன்."

வாசலில் சகாயராஜ் அழைப்புமணியை அடித்தான். யார் என்று முகர்வி கேட்டது. தன் புருஷன் என்றாள் ஸ்டெல்லா.

"பின்பக்கமா வரச் சொல்லு."

பின்பக்கம் என்பது குப்பை போடும் காற்றறை. மூன்று பேர் நின்றால் மூச்சு முட்டும். விண்வெளி உடையோடு வீட்டைச் சுற்றி வந்து சேர்ந்த சகாயராஜ், தலைக்கவசத்தைக் கழற்றி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஸ்டெல்லா நீட்டிய டப்பாவிலிருந்து முதல் துண்டை எடுத்து வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டான். "சாமி சத்தியமா சொல்லுதேன், இன்னைக்குத்தான்ட்டி இது கொழம்பு," என்றான். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவுக்குக் கண் நிறைந்தது. பட்ட அவமானமெல்லாம் தகும் என்று நினைத்தாள்.

ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏ மூதி, இந்தத் தனி டம்ளர், பின்வாசல் எல்லாம் ஒனக்கு எவ சொல்லிக் குடுத்தா?"

"இந்த வீட்டுக்குன்னே குடுத்த பதிவு இருக்கு. கேக்கியா?"

காற்றறைக்குள் ஸ்டெல்லாவின் குரலே கேட்டது, பத்து வயது இளமையாக, அன்பு சொட்டச் சொட்ட: "பேச்சியம்மா, இந்தக் கொழம்ப நீயும் ஒம் புருஷனும் சாப்டுங்க. எங்களுக்குத்தான் ஒத்துக்கிடாது. நல்லாத்தான் இருக்கு, வீணாக்க மனசு வரல."

சகாயராஜ் மெல்லுவதை நிறுத்தினான். மனைவியைப் பார்த்தான். பிறகு சட்டத்தையெல்லாம் மறந்து, டப்பாவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தான்.