ஒன்பதாம் படுக்கை காலி இல்லை

ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரம் ஒன்று கோணிக்கொண்டே போனது. அண்ணன் அதை இடக்காலால் உதைத்து உதைத்து நேராக்கியபடி, தங்கையைத் தீவிர சிகிச்சை வார்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்தான். நண்பகல்தான். மழை இருட்டிக்கொண்டு வந்ததால் தாழ்வாரத்து விளக்குகள் எரிந்தன. தங்கையின் மூச்சு ஓட்டை விழுந்த துருத்தியைப் போல இரைந்தது.

“எல்லாம் நிரம்பிக் கிடக்கு தம்பி,” என்றாள் நர்ஸ்.

“அந்த ஒன்பது காலியாத்தானே இருக்கு?”

கண்ணாடி அறைக்குள் வெள்ளை விரிப்பு மடிப்புக் கலையாமல் தெரிந்தது.

“காலிதான். சிஸ்டம் கதவைத் திறக்க மாட்டேங்குது. பூட்டு ரிப்பேர்காரனுக்குச் சொல்லியிருக்கேன், வரேன் வரேன்னு சொல்றான். அது நீ பெத்த பிள்ளைதானே, நீயே கெஞ்சிப் பாரு.”

அவன் பெற்றதுதான். யாருக்கு எந்தப் படுக்கை, எந்தக் கதவு எப்போது திறக்கும் என்று முடிவு செய்யும் மென்பொருளை எழுதியவன் அவன். ஆரம்பத்தில் ஒரு விதியை மாற்றக்கூட அவனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வார்டே ‘பெரிய சிஸ்டர்’ என்று கூப்பிட்ட தலைமை நர்ஸ் ஒருநாள் அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். “ஒரு படுக்கையை மாத்த உன் தூக்கம் கலையணுமா? எங்க கையில குடுத்துத் தொலைடா.”

கொடுத்துவிட்டான். விதிகளை மென்பொருளுக்கு வெளியே எடுத்து, சின்னச் சின்ன ஸ்கிரிப்ட்டுகளாக ஒரு ஃபோல்டரில் போட்டான். எளிய வரிகள்; நர்ஸுகளே எழுதிக்கொள்ளலாம். ஃபோல்டரில் என்ன கிடக்கிறதோ அதற்கு மென்பொருள் கீழ்ப்படியும். எழுதியது யார் என்று கேட்காது. கேட்க வைக்க அவனுக்குச் சோம்பல்.

பெரிய சிஸ்டர் போன மாதம் இறந்துபோனார். அதே ஒன்பதாம் படுக்கையில்.

அவன் நர்ஸின் நாற்காலியில் உட்கார்ந்தான். ஈரத்துணி போலச் சில்லிட்டது. ஃபோல்டரைத் திறந்தான்.

*ஒன்பதாம் படுக்கை காலி இல்லை.*

அதற்கடியில் ஒரு குறிப்பு வரி. மனிதர் படிப்பதற்கு மட்டும். மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும். பெரிய சிஸ்டர் எழுதும் ஒவ்வொரு விதிக்கும் அவனுக்கு இப்படி ஒரு விளக்கம் இருக்கும்.

*தம்பி, நான் இன்னும் எழுந்திருக்கலை.*

எவனோ வேலையற்றவன் விளையாடுகிறான் என்று நினைத்தான். விதியை அழித்தான். கதவு அசையவில்லை. ஃபோல்டரில் விதி மறுபடி கிடந்தது.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு அழித்தான்.

இந்த முறை அது வருவதைப் பார்த்தான். ஒவ்வோர் எழுத்தாக, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுகிறவரின் வேகத்தில்.

டெட்டால் வாசனைக்கு அடியில் நாள்பட்ட பஞ்சின் புளித்த நெடி எழுந்தது.

“ஃபோல்டரையே படிக்காதேன்னு சொல்லிட்டா?” என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு மென்பொருளுக்குள் கை வைத்தான். அதையும் செய்தான். கதவு மட்டும் கல்லாக நின்றது.

“அண்ணா…”

தங்கையின் உதடுகளில் நீலம் ஏறியிருந்தது.

“தம்பி, சீக்கிரம்,” என்றாள் நர்ஸ். கிண்டல் செய்த குரல் இப்போது இல்லை.

அவன் திரைக்கு அருகே குனிந்தான். வெட்கம் மானமெல்லாம் போய்விட்டிருந்தது.

“சிஸ்டர், எனக்கு இவ ஒருத்திதான். உங்க இஷ்டத்துக்கு என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க. நான் எதையும் அழிக்க மாட்டேன். இவ மூச்சு நிக்கக் கூடாது, அவ்வளவுதான்.”

விதி மறைந்தது.

கண்ணாடிக் கதவின் பூட்டு ‘களுக்’ என்று விடுபட்டது.

ஓடினார்கள். தங்கையைத் தூக்கிப் போடும்போது நர்ஸ் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். “விரிப்பு சூடா இருக்கு.”

டாக்டர் வந்து குழாய்களைப் பொருத்தத் தொடங்குவதற்குள் இரைச்சல் அடங்கிவிட்டது. தங்கையின் நெஞ்சு ஏறியது, நின்றது, இறங்கியது. சீராக. ரொம்பச் சீராக.

“மெஷின் நல்லா வேலை செய்யுது டாக்டர்,” என்றான். கண்ணில் நீர் முட்டியது.

டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

“நான் இன்னும் மெஷினைப் போடவே இல்லையேப்பா.”

அவன் மெல்லப் பின்வாங்கி மேசைக்கு வந்தான். ஃபோல்டரில் புதிய ஸ்கிரிப்ட் ஒன்று.

*ஒன்பதாம் படுக்கைக்கு:*
*உள்ளே இழு.*
*பொறு.*
*வெளியே விடு.*

கர்சர் வரிவரியாக இறங்க இறங்க, கண்ணாடிக்குப் பின்னால் நெஞ்சு அதற்கேற்ப அசைந்தது.

கொடுத்த வாக்கு மறந்தது. பயத்தில் கை முந்திக்கொண்டு அதை அழித்தது.

நெஞ்சு பாதியில் நின்றது.

“பல்ஸ் போகுது!” என்று டாக்டர் கத்தினார். மெஷினைப் போட்டார்; அது இரைந்தது. நெஞ்சு அசையவில்லை. அவன் அதே வரிகளைத் திரும்பத் தட்டினான். கடைசிப் புள்ளியை வைத்ததும் தங்கை பெருமூச்சோடு அசைந்தாள். அவன் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

இனி தொட மாட்டான். சாகும்வரை தொட மாட்டான்.

எழுத்துகள் மறுபடி வரத் தொடங்கின. நிதானமாக, தேடித் தேடி. முதல் வரியின் ஓரத்தில் இன்னும் ஒரு சொல் சேர்ந்தது.

*அண்ணனுக்கும்.*

அவன் நெஞ்சுக்குள் காற்று நுழைந்தது. அவன் இழுக்கவில்லை.

கர்சர் ‘பொறு’ என்ற வரியில் வந்து நின்று துடித்தது. நெஞ்சு நிறையக் காற்றோடு, கண்ணாடிக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும், அண்ணனும் தங்கையும் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள்.