இரண்டு பேருக்கு ஒரு துப்பாக்கி

1974 செப்டம்பர் 14, சனிக்கிழமை. மொன்டானா மாநிலத்தின் வில்லோ ஃபோர்க் பள்ளிக்கூடத்தில் வேட்டைப் பாதுகாப்புத் தேர்வின் முடிவை ஒட்டினார்கள். எழுதியவர்கள் பத்தொன்பது பேர். தேறியவர்கள் பதினெட்டு பேர். பன்னிரண்டு வயது மார்னி ஹாகன் பதினோராவதாகத் தேறியிருந்தாள்.

"பதினோராவதா?" என்றார் அவளுடைய அப்பா ஆர்விட். "பரவால்ல கண்ணு. எல்க்கு வந்து உன் மார்க்கையா கேக்கப் போவுது?"

எல்க் என்பது குதிரை உயரத்துக்கு நிற்கும் மான். ஒன்று கிடைத்தால் ஒரு வீட்டுக்குக் குளிர்காலம் முழுவதும் இறைச்சிக் கவலை இல்லை. ஹாகன் வீட்டுக்கு இரண்டு வருடமாக அது கிடைக்கவில்லை. முதல் வருடம் குறி தப்பியதற்குக் காற்றுதான் காரணம் என்றார் ஆர்விட். இரண்டாம் வருடம் வெயில் கண்ணில் அடித்தது என்றார். இரண்டு வருடமும் பக்கத்துப் பண்ணைக்காரர் கிளெம்தான் இறைச்சி கொடுத்தார். தாராளமாகத்தான் கொடுத்தார். கூடவே ஒரு கேலியையும் சேர்த்துக் கொடுத்தார்.

இந்த வருடம் மார்னியும் மலைக்குப் போகலாம். தேர்வு முடிந்துவிட்டது. துப்பாக்கி மட்டும்தான் பாக்கி.

வெர்னா அத்தையின் ஹார்டுவேர் கடையில் அந்த நாளில் எல்லாம் இருந்தது. பெயின்ட் டப்பாக்களுக்கும் பால் வாளிகளுக்கும் நடுவில் துப்பாக்கிகள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். மண்ணெண்ணெயும் காப்பியும் துப்பாக்கி எண்ணெயும் கலந்த ஒரு வாசனை வரும். எந்தத் துப்பாக்கியையும் ஒரு வாரம் எடுத்துப்போய்ச் சுட்டுப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பி வைத்துவிடலாம். சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. யார் எதை எடுத்துப் போனார்கள் என்பது வெர்னா அத்தையின் தலைக்குள் இருக்கும்.

"ஒரே துப்பாக்கிதான் வாங்க முடியும்" என்றார் ஆர்விட். "மானுக்கும் அதுதான், எல்க்குக்கும் அதுதான். நாளைக்குக் கரடி வந்தாலும் அதுதான். அதனால பெருசா எடுத்துடலாம். என்னோடது மாதிரியே முந்நூறு மேக்னம்."

காப்பிக் கோப்பையோடு நின்றிருந்த கிளெம் தலையாட்டினார். "அதான் சரி. சின்னதால சுட்டா, கொசு கடிச்சுடுச்சுன்னு எல்க்கு சொறிஞ்சுக்கிட்டுப் போயிரும்."

மார்னி வரிசையிலிருந்த பெரிய மேக்னம் துப்பாக்கியை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தாள். தோளில் பதியும் அதன் மரக்கட்டை நீளம். விசையை எட்ட, கழுத்தைக் கொக்கு மாதிரி நீட்ட வேண்டியிருந்தது.

"அது என்ன, கடைசியில நிக்குது?" என்று கேட்டாள்.

"அதுவா? சின்னத் தோட்டா போடறது, ஏழு மில்லிமீட்டர்" என்றார் வெர்னா. "ஆடு மேய்க்க வந்த ஒரு ஆளோடது. ஆள் உன் உசரம்தான் இருப்பான். ஊருக்குத் திரும்பும்போது வித்துட்டுப் போனான். பாக்க லட்சணமா இருக்காது."

உண்மைதான். கட்டை முழுக்கக் கீறல். ஆனால் மார்னி தோளில் வைத்ததும் அது அவளுக்கென்றே வெட்டியதுபோல உட்கார்ந்தது. எடையும் குறைவு.

"மேக்னத்துக்கு உங்களோடதே இருக்கே. இத எடுத்துட்டுப் போய்ப் பாக்கலாமாப்பா?"

"எதுக்கும்மா? பழசு."

"பாக்கத்தானேப்பா."

"எடுத்துட்டுப் போகட்டும் ஆர்விட்" என்றார் வெர்னா. "இங்க நின்னு தூசிதான் திங்குது."

மறுநாள் மதியம் அப்பாவும் மகளும் ஊருக்கு வெளியே சரளைக்கல் தோண்டிய பள்ளத்துக்குப் போனார்கள். மண்மேட்டில் அட்டையை ஊன்றினார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்கள். பிக்கப் வண்டியின் பின்கதவைப் பலகைபோலக் கீழே சாய்த்து, அதன்மேல் இரண்டு துப்பாக்கிகளையும் இரண்டு தோட்டாப் பெட்டிகளையும் வைத்தார்கள்.

"முதல்ல என்னோட மேக்னம்" என்றார் ஆர்விட்.

மார்னி சுட்டாள். வானமே வெடித்த மாதிரி இருந்தது. தோளில் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரியும் இருந்தது. அட்டையில் ஒரு ஓட்டையும் இல்லை. மேட்டுக்கு மேலே ஒரு காக்கை மட்டும் கோபமாகக் கத்திக்கொண்டு போனது.

"உதைக்கும்" என்றார் ஆர்விட். "பழகிடும்."

இரண்டாவதும் படவில்லை. மூன்றாவதும் படவில்லை.

"அப்பா, வகுப்புல ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தாங்க" என்றாள் மார்னி. "நான் திரும்பி நிக்கறேன். நீங்க தோட்டா போட்டுக் கொடுங்க. சில தடவை நல்ல தோட்டா. சில தடவை சுட்டு முடிச்ச காலித் தோட்டா. எதுன்னு எனக்குச் சொல்லாதீங்க."

"அதனால என்ன தெரியும்?"

"காலியா இருந்தா 'டிக்'குன்னுதான் கேக்கும், உதைக்காது. அப்பவும் துப்பாக்கி ஆடிச்சுன்னா, ஆட்டினது நாமதான். உதைக்குப் பயந்து முன்னாடியே உடம்பு குலுங்குதுன்னு அர்த்தம்."

ஆர்விட் போட்டுக் கொடுத்தார். டிக். துப்பாக்கியின் குழல் தரையைப் பார்த்துக் குனிந்தது. மார்னி கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"அடடா!" ஆர்விட் விழுந்து விழுந்து சிரித்தார். "மூஞ்சியப் பாக்கணுமே! எலுமிச்சம்பழம் கடிச்ச மாதிரி!"

மார்னிக்கும் சிரிப்பு வந்தது. "இப்ப நீங்கப்பா."

"எனக்கு எதுக்கு? நான் முப்பது வருஷமா சுடறவன்."

"அப்ப என்ன பயம்?"

ஆர்விட் திரும்பி நின்றார். மார்னி காலித் தோட்டாவைப் போட்டு, குழலை மண்மேட்டின் பக்கமே வைத்துக் கொடுத்தாள். அவர் குறி பார்த்தார். மூச்சை அடக்கினார். விசையை இழுத்தார்.

டிக்.

குழல் ஒரு சாண் கீழே போனது. அவருடைய தோள் முன்னால் துள்ளியது. இரண்டு கண்ணும் மூடியிருந்தன. அந்த முகமும் எலுமிச்சம்பழம் கடித்த முகம்தான்.

மார்னி சிரிக்கவில்லை. குறி தப்பக் காரணம் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பெரிய துப்பாக்கி வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் அப்பா ஒரு வருடம்கூடக் குறி தப்பியதில்லை.

அந்த நேரம் பார்த்து, பாதையில் கிளெமின் வண்டி வந்து நின்றது.

"என்ன, அப்பனும் பொண்ணும் எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க?" கிளெம் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "அட்டையில ஒரு ஓட்டையும் காணோமே! யாருப்பா கண்ண மூடிக்கிட்டுச் சுட்டது?"

ஆர்விட்டின் காதுகள் சிவந்தன. அவர் வாயைத் திறப்பதற்குள் மார்னி சொன்னாள்.

"நான்தான் கிளெம் மாமா. கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன்."

அது பொய்யும் இல்லை.

"சரிதான்! அப்பனுக்குத் தப்பாத பொண்ணு!" கிளெம் வண்டியின் கதவைத் தட்டிச் சிரித்தார். "ஆர்விட், இந்த வருஷமும் உனக்கு ஒரு தொடைக்கறி எடுத்து வெச்சிடறேன்டா!" வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

ஆர்விட் தங்கள் பிக்கப் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்னி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொன்னாலும் அப்பாவுக்கு வலிக்கும் என்று தோன்றியது. எதுவும் சொல்லாவிட்டால், நவம்பர் வேட்டையில் அவர் மறுபடியும் காற்றைக் குறை சொல்லிக்கொண்டு வெறுங்கையோடு மலையிலிருந்து இறங்குவார். கிளெம் மறுபடியும் சிரிப்பார்.

அவள் பார்வை தோட்டாக்கள்மேல் விழுந்தது. இரண்டு பெட்டியிலிருந்தும் உருண்டு வந்து, பெரிய தோட்டாவும் சின்னத் தோட்டாவும் ஒன்றாகக் கலந்து கிடந்தன.

"அப்பா, இங்க பாருங்க."

"என்ன?"

"ரெண்டும் கலந்துடுச்சு. வகுப்புல இதத்தான் ரொம்பச் சொன்னாங்க. ஒரு வேட்டைக்குப் போறவங்க ரெண்டு வகைத் தோட்டா கொண்டு போனா, குளிர்ல விரல் மரத்துப் போயி, ஒண்ணுக்கு பதிலா இன்னொண்ணப் போட்டுடுவாங்களாம். பெரிய ஆபத்தாம்."

"அதுக்கு?"

"எனக்கு எப்படியும் மேக்னம் ஆகாது. கட்டை எட்டல. அதனால ஏழு மில்லிமீட்டரத்தான் வாங்கணும். நீங்க என் பக்கத்துலயேதானே வரணும்? அப்ப ரெண்டு துப்பாக்கி எதுக்கு? ஒண்ணே போதும். மாத்தி மாத்தித் தூக்கிட்டுப் போலாம். ஒரு நாள் உங்க முறை, ஒரு நாள் என் முறை. நான் சின்னவ, என்னால தனியா முழு நாளும் தூக்க முடியாதுப்பா."

ஆர்விட் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"தோட்டா கலந்துடும்னுதான் சொல்றியா?"

"ஆமாப்பா. தோட்டா கலந்துடும்னுதான்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"வேற என்ன இருக்கு?"

ஆர்விட் எழுந்து கையை நீட்டினார். "பாதுகாப்புன்னா பாதுகாப்புதான். குடு பாப்போம் அந்த ஆட்டுக்காரன் துப்பாக்கிய."

அவருடைய கைக்கு அதன் கட்டை கொஞ்சம் குட்டைதான். "தடிச்ச குளிர்கோட்டு போட்டா சரியா வந்துரும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, மார்னி கேட்காமலேயே திரும்பி நின்றார். "போட்டுக் குடு. எதுன்னு சொல்லாதே."

முதலில் நல்ல தோட்டா. சத்தம் வந்தது, உதை அதிகமில்லை. அட்டையின் ஓரத்தில் ஓட்டை விழுந்தது. அடுத்ததும் நல்லது. இந்த ஓட்டை நடுவுக்குக் கொஞ்சம் கிட்டே. அதற்கடுத்தது காலி. குழல் ஒரு விரல் அளவுக்கு ஆடியது. அதற்கப்புறம் நல்லது ஒன்று, மறுபடி காலி.

டிக்.

குழல் ஆடவில்லை. அவர் கண் திறந்தே இருந்தது.

"எத்தன வருஷமாச்சு" என்றார் ஆர்விட் மெதுவாக. என்ன எத்தனை வருடம் என்று அவர் சொல்லவில்லை. மார்னியும் கேட்கவில்லை. துப்பாக்கியை வாங்கி அவள் சுட்டாள். அட்டையின் நடுவுக்கு இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டது. அப்பாவும் மகளும் வெயில் சாயும்வரை மாற்றி மாற்றிச் சுட்டார்கள். யார் தோளும் வலிக்கவில்லை. அந்த மதியத்தின் சரளைப் புழுதியும் வெடிமருந்து வாசனையும் மார்னிக்கு எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் மறக்கவில்லை.

அந்த வாரமே ஏழு மில்லிமீட்டரை விலைக்கு வாங்கினார்கள். அக்டோபரில் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் பள்ளத்துக்குப் போனார்கள்.

நவம்பர் 10 அன்று துப்பாக்கி தூக்குவது ஆர்விட்டின் முறை. காலை எட்டு மணிக்கு, பைன் மரங்களுக்கு நடுவில், பனியில் நின்ற ஒரு எல்க்கை அவர் சுட்டார். ஒரே தோட்டா.

நவம்பர் 17 அன்று மார்னியின் முறை. அவள் ஒரு மானைச் சுட்டாள். அவளுக்கு இரண்டு தோட்டா தேவைப்பட்டது.