மாற்றிப் பூட்டிய கழுத்து

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அந்த மனிதருக்கு வீட்டில் வைத்த பெயர் கழற்றி. மிக்ஸி, சுவர்க்கடிகாரம், தையல் மெஷின், எது கையில் கிடைத்தாலும் கழற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். "கழட்டறதெல்லாம் இவருக்கு அத்துப்படி. திரும்ப மாட்டும்போதுதான் ரெண்டு ஸ்க்ரூ மிச்சமாகும்" என்பாள் மனைவி. மிச்சமானது ஒரே ஒரு முறைதான். அதையே அவள் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் அவர் அந்தப் பழைய கட்டடத்துக்குப் போனது, கால் உடைந்த ஒரு கண்ணாடியைச் சரிசெய்து கொடுப்பதற்காக. கண்ணாடிக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். லிஃப்ட் எந்தக் காலத்திலோ நின்றுபோயிருந்தது. மூச்சு வாங்க ஏறிப்போய் மணியடித்தால், கதவைத் திறந்ததுமே தைல வாசனை முகத்தில் வந்து மோதியது. ஜன்னல்களுக்கெல்லாம் கனத்த திரை. வெளியே கொளுத்துகிற வெயிலில் ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை.

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு சிவப்பு எலெக்ட்ரிக் கிட்டார் தொங்கியது. கம்பிகள் துருவேறிக் கிடந்தன.

"பையனோடது தம்பி. அவன் போய்ப் பதினாலு மாசம் ஆச்சு" என்றார் டீச்சர், கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபடி. "தசை கரையற வியாதி. முதல்ல கால் போச்சு. அப்புறம் வலது கை. கடைசியா இடது கை மட்டும்தான் மிச்சம். கிட்டாரை நெஞ்சு மேல படுக்க வச்சுக்கிட்டு, அந்த ஒரு கையால கம்பிய அழுத்திக்கிட்டே கிடப்பான். மீட்ட கை வேணுமில்ல? சத்தமே வராது. என்னப்பா பண்றேன்னு கேட்டா, எனக்குக் கேக்குதும்மான்னு சொல்லுவான்."

கழற்றிக்கு மனசு கேட்கவில்லை. "குடுங்க டீச்சர், சுத்தம் பண்ணிப் புதுக் கம்பி போட்டுக் கொண்டுவந்து மாட்டறேன்" என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் படியிறங்கி வெளிச்சத்துக்கு வந்ததும், தொழில் புத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்தை நீளவாக்கில் பார்த்தார். விரல் ஓடும் அந்த நீண்ட மரத்தை வாசிக்கிறவர்கள் நெக் என்பார்கள். கழற்றி கழுத்து என்றுதான் சொல்வார். ஒரு மயிரிழைக் கோணல் இல்லை. வருடக்கணக்காக ஒரே கை தேய்த்து வழவழவென்றிருந்தது.

வீட்டில் மகளிடம் இருந்ததும் இதே கம்பெனி, இதே மாடல் கிட்டார்தான். அதன் கழுத்து வளைந்துபோய், எங்கே அழுத்தினாலும் கம்பி மரத்தில் இடித்து இரைந்தது. மகளுக்கு வயது பதினாலு. ஆள் குள்ளம் என்பதால் சுண்டு என்று கூப்பிடுவார்கள். "அப்பா, ஊர்ல இருக்கிறதெல்லாம் கழட்டறீங்க, இதைச் சரிபண்ண மாட்டீங்களா?" என்று மூன்று மாதமாக நச்சரிப்பு.

டீச்சரம்மா என்ன வாசிக்கவா போகிறார்? சுவரில்தானே தொங்கப்போகிறது? கழுத்தின் தலைப்பாகத்தில் கம்பெனி எழுத்துகூட ஒரே மாதிரி. யாருக்குத் தெரியும்?

இப்படித்தான் நினைத்தார். கேட்டிருந்தால் டீச்சர் ஒருவேளை தந்தும் இருப்பார். கேட்கவில்லை.

ஞாயிறு காலை, சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து இரண்டு கிட்டார்களையும் குப்புறப் படுக்கவைத்தார். கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்தில் ஒரு தகடு, அதில் நான்கு ஸ்க்ரூ. அவ்வளவுதான் சூட்சுமம். மகளுடையதைக் கழற்றினார். டீச்சர் மகனுடையதில் மூன்று ஸ்க்ரூ சுலபமாக வந்தன. நான்காவது பிடிவாதம் பிடித்தது. அழுத்தித் திருகினார்.

கழுத்து தானாக விடுபட்டு வந்தது. உள்ளேயிருந்து ஒரு மூச்சு வெளியேறியது.

காற்று அடைத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார். கழுத்து உட்கார்ந்திருந்த பள்ளத்திலிருந்து மர வாசனை வரவில்லை, தைல வாசனை வந்தது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய ஓட்டைகள் நூலளவு பிசகியதால் பல்குத்தும் குச்சியைப் பசையில் தோய்த்து அடைத்து, காய்ந்தபின் புது ஓட்டை போட்டு, இதன் கழுத்தை அதற்கும் அதன் கழுத்தை இதற்குமாகப் பூட்டினார். இந்த முறை ஒரு ஸ்க்ரூகூட மிச்சமாகவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

மறுநாள் சிவப்புக் கிட்டாரை மகளின் வளைந்த கழுத்தோடு, பளபளவென்று, டீச்சர் வீட்டு ஆணியில் மாட்டினார். டீச்சர் அதைத் தடவிக்கொடுத்தபோது அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

முதல் வாரம் வீட்டில் ஒரே சந்தோஷம். சுண்டு கற்றுக்கொள்ளாததெல்லாம் வாசித்தாள். இடது கை விரல்கள் கம்பிமேல் அத்தனை வேகமாக ஓடின. "யாரு சொல்லிக் குடுத்தாடி?" என்று அம்மா கேட்டால், "தெரியலம்மா, கை தானா போகுது" என்று சிரித்தாள்.

இரண்டாவது வாரம் சாப்பிடும்போது அந்தக் கை மேஜை விளிம்பை அழுத்திக்கொண்டே இருந்தது. தூங்கும்போது போர்வையை அழுத்தியது. அம்மா கையைப் பிடித்தால், அம்மாவின் மணிக்கட்டில் நான்கு விரலும் மாறி மாறிப் பதிந்தன.

மூன்றாவது வாரம் வலது கால் இழுத்தது. பென்சில் கையிலிருந்து நழுவியது. நரம்பு டாக்டர் எல்லா சோதனையும் செய்துவிட்டு, ஒன்றும் இல்லை, பரீட்சை பயமாக இருக்கும் என்றார்.

ஒரு மாலை கழற்றி வேலை முடிந்து வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. மகள் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். நெஞ்சின்மேல் கிட்டார். வலது கை கட்டிலுக்கு வெளியே துவண்டு தொங்கியது. இடது கை மட்டும் கம்பிகளில் ஊர்ந்துகொண்டிருந்தது. டொக். டொக். கீச்சென்று ஒரு வழுக்கல். மறுபடி டொக்.

அறை முழுக்கத் தைல வாசனை.

"என்னம்மா, வாசிக்கலையா?"

"வாசிச்சுக்கிட்டுதானே இருக்கேன்."

"சத்தமே வரலியே."

"எனக்குக் கேக்குது" என்றாள்.

இந்தப் பேச்சை அவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். அதைச் சொன்ன வீடும் தெரியும், சொன்ன பையன் எங்கே போனான் என்பதும் தெரியும்.

கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டு மேஜைக்கு ஓடினார். முதல் ஸ்க்ரூ. இரண்டாவது. மூன்றாவது. "இந்நேரத்துல என்னங்க பண்றீங்க?" என்று மனைவி பின்னாலேயே வந்தாள். நான்காவதைத் திருகிக் கழுத்தைப் பிரித்தார்.

உள்ளே மகள் ஒரு மூச்சை விட்டாள்.

அடுத்த மூச்சை இழுக்கவில்லை.

மனைவிதான் முதலில் பார்த்தாள். கத்தவில்லை. "ஏங்க, மாட்டிடுங்க" என்று மட்டும் சொன்னாள். எப்படித் தெரிந்தது அவளுக்கு? இன்றுவரை அவர் கேட்டதில்லை. ஸ்க்ரூ இரண்டு முறை தரையில் விழுந்து உருண்டது. மேஜைக்கடியில் தவழ்ந்து தேடினார். மகளின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. நான்காவது ஸ்க்ரூ இறுகியபோது அவள் நெஞ்சு ஏறியது. இடது கை மெதுவாக எழுந்து, காற்றில் எதையோ தேடியது.

அவரே கொண்டுபோய்க் கிட்டாரை அந்தக் கையில் கொடுத்தார். வேறு என்ன செய்வார்?

மறுநாள் காலை கடைக்குப் போகாமல் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறினார். டீச்சர் கதவைத் திறந்தபோது முகத்தில் ஒரு களை. திரைகளெல்லாம் விலகியிருந்தன. தைல வாசனை துளிகூட இல்லை.

"வாங்க தம்பி. உங்களத்தான் கூப்பிடணும்னு இருந்தேன். பைத்தியம்னு நினைக்காதீங்க. இதுல சத்தம் வருது."

"என்ன சத்தம் டீச்சர்?"

"ஒரு சின்னப் பொண்ணு வாசிச்சுப் பழகற சத்தம். ஒரு இடத்துல சுண்டு விரல் எட்ட மாட்டேங்குது போல. ஒவ்வொரு தடவையும் அங்க தப்பு விட்டுட்டு, ச்சேன்னு அலுத்துக்கும். திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்." டீச்சர் சிரித்தார். "நல்ல குழந்தை."

கழற்றி சுவரைப் பார்த்தார். யாரும் தொடாத கம்பிகளில் ஒன்று லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

ச்சே.

அது அவர் மகளின் குரல். ஆறு வருடம் அந்த வளைந்த கழுத்தைப் பிடித்துப் பழகியவளின் குரல். வீட்டில் இருப்பதில் அவள் எவ்வளவு, சுவரில் இருப்பதில் எவ்வளவு?

அங்கேயே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். திருடியதை, மாற்றியதை, மூச்சு நின்றதை. டீச்சர் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்போ என் பையன் உங்க வீட்லயா இருக்கான்?"

செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்த அம்மாள் படியிறங்கிய வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. வீட்டில் சுண்டு கண்மூடிக் கிடந்தாள். டீச்சர் கட்டிலருகே உட்கார்ந்ததுமே இடது கை கம்பியை விட்டது. மேலே எழுந்து, டீச்சரின் கன்னத்தைத் தடவி, காதோரம் நரைமுடியை ஒதுக்கியது.

"அம்மா" என்றாள் சுண்டு.

துண்டும் கையுமாக வாசற்படியில் நின்ற மனைவி, "என்னடா கண்ணு?" என்றாள்.

மகள் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

கழற்றி டீச்சரின் காலைப் பிடித்தார். "ரெண்டையும் ஒண்ணா வச்சு மாத்திடலாம் டீச்சர். பத்து நிமிஷ வேலை."

"அந்தப் பத்து நிமிஷம் இவ மூச்சு விடுவாளா?"

அவர் டீச்சரின் காலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"விட்டாலும் நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார் டீச்சர், அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு. குரலில் கோபமே இல்லை. "என் வீட்டுச் சுவர்ல அவன் வெறும் கட்டை தம்பி. இங்க அவனுக்கு ரத்தம் ஓடற கை இருக்கு. நீங்க என்னைக் கேட்டா எடுத்தீங்க?"

பிறகு கைப்பையைத் துழாவித் தன் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். "தினம் நாலு மணிக்கு நான் இங்க வந்து அஞ்சு வரைக்கும் இவன்கூட இருக்கேன். நீங்க அங்க போய் உங்க பொண்ணுகூட இருங்க. எனக்கும் மனசு இருக்கு."

சாவி கையில் வந்ததும் திருட்டுத்தனமாக ஒரு முறை முயன்று பார்த்தார். சிவப்புக் கிட்டாரை ஆணியிலிருந்து எடுத்துப் படிக்கட்டு வரை கொண்டுவந்தார். முதல் படியில் கால் வைத்ததும் கம்பியை இறுக்கும் முறுக்காணிகள் தானாகத் திரும்பின. கம்பிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து தொங்கின. உள்ளே ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறுவது கேட்டது. ஓடிப்போய் ஆணியில் மாட்டினார். அது இருமி, அடங்கி, மறுபடி வாசிக்கத் தொடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குப்பின் அதைத் தொடவே அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஆகவே தினமும் நாலு மணிக்கு மாற்றிக்கொண்டார்கள். டீச்சர் அவர் வீட்டுக் கட்டிலோரம், அவர் டீச்சர் வீட்டுச் சுவரோரம். மனைவி பேசுவதையே நிறுத்திவிட்டாள். "சுண்டு, அப்பா வந்திருக்கேன்" என்று அவர் சொல்வார். வாசிப்பு நின்று, கம்பி இரண்டு முறை டிங் டிங் என்னும். அவர் கடைக் கதை, வீட்டுக் கதை எல்லாம் சொல்வார். சில நாள் ஒரு சிறு சிரிப்பு கேட்கும். ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதபடி படியிறங்குவார்.

நாளாக ஆக அந்த டிங் டிங் வரத் தாமதமாயிற்று. ஒருநாள் ஒரே ஒரு டிங். அடுத்த வாரம் வாசிப்பு நிற்கவே இல்லை, அவர் பேசுவது கேட்காததுபோல் போய்க்கொண்டே இருந்தது.

போன வியாழக்கிழமை அவர் சற்றுச் சத்தமாகவே கூப்பிட்டார். "சுண்டு. சுண்டும்மா. அப்பா வந்திருக்கேன்டா."

வாசிப்பு நின்றது. அவர் எழுந்து முகத்தைக் கம்பிகளுக்கு அருகே கொண்டுபோனார்.

வீட்டில் தனியாக இருக்கும் குழந்தைகள், அறிமுகமில்லாதவர் கதவைத் தட்டினால் சங்கிலியை எடுக்காமல் பேசுவார்களே, அந்த மரியாதையான, பயந்த குரலில் சுவரிலிருந்து அவர் மகள் சொன்னாள்:

"அம்மா வெளிய போயிருக்காங்க. அஞ்சு மணிக்குத்தான் வருவாங்க. நீங்க யாரு?"