மடைமூலைப் பொந்து

ரப்பர் விலை விழுந்து, குலசேகரத்துப் பக்கத்து எஸ்டேட்டுகளில் பால்வெட்டுக்காரர்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பிய வருஷம் அது. நேசையனும் அந்தப் பாதியில் ஒருவன். வேலை போனவன் எங்கே போவான்? மாமனார் வீட்டுக்குத்தான் போனான். மனைவி பூங்கனி ஏழு மாதக் கர்ப்பத்தோடு அங்கே இருந்ததால், அவளைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளவும் வசதியாக இருந்தது.

குழித்துறைக்குக் கிழக்கே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருந்தது வீடு. தோட்டம் முடிகிற இடத்தில் பெரிய குளம். குளத்துக்குத் தண்ணீர் வரும் சானலைப் பூட்டி வெகுநாளாகிவிட்டது. குளத்தில் ஆழமான இடத்திலேயே நெஞ்சளவு தண்ணீர்தான் கிடந்தது. ஊர் ஆண்கள் வேலைவெட்டியை விட்டுவிட்டு மீன்பிடிக்க இறங்கும் பருவம்.

"நல்ல வரால் ஒண்ணு கிட்டினா கொழம்பு வைக்கலாம். நாக்கு கெடந்து கேக்கு," என்றாள் பூங்கனி, அவன் வந்த மறுநாள் காலையில்.

"ஒண்ணு போதுமா?" என்றான் நேசையன். வேலைதான் போயிருந்தது, வாய்ப்பேச்சுக்குக் குறைவில்லை.

"அண்ணன் கூடப் போங்க. அண்ணன் காட்டுக எடத்துல மட்டும் எறங்குங்க." அவள் சிரிக்காமல் சொன்னாள்.

அவள் அண்ணன் ஞானதாசன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கரைக்குப் போனதும் கையை நீட்டிக் குளம் முழுவதையும் ஒரு சுற்றுக் காட்டினான். "எங்க வேணும்னாலும் தப்பும், மாப்ள. மடைமூலைக்கு மட்டும் போவாண்டாம்."

"ஏன், மொதல கெடக்கா?"

ஞானதாசன் வேட்டியை மடித்துக் கட்டினான்.

அந்தக் குளத்தில் வலையோ தூண்டிலோ கிடையாது. தப்பி, அதாவது கையால் துழாவிப் பிடிப்பதுதான் வழக்கம். கரையை ஒட்டிய கல்கெட்டுச் சுவரில் இடுக்கும் பொந்துமாக இருக்கும். மீன் அதற்குள் ஒதுங்கிக் கிடக்கும். பொந்துக்குப் பெரும்பாலும் இரண்டு வாய் உண்டு. இடதுகையால் ஒன்றை அடைத்துக்கொண்டு, வலதுகையை மற்றதில் விட்டுத் தடவிப் பிடிக்க வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், ஏற்கெனவே பிடித்த சின்ன மீனைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள்.

"சிலுவைன்னு எனக்க கூட்டுக்காரன் ஒருத்தன் இருந்தான்," என்றான் ஞானதாசன். "மடைமூலையில நின்னு தப்பிட்டிருந்தான். வாயில பனையேறிக் கெண்ட. அது வழுக்கித் தொண்டைக்குள்ள போயிட்டு. கெண்ட உள்ள போனா முள்ள விரிச்சிக்கிடும், பின்ன திரும்பி வராது. அவனுக்குச் சத்தம் போட முடியல்ல. கையும் கல்லுக்குள்ள மாட்டிக்கிட்டு. நின்ன நெலையில செத்துட்டான்."

"பக்கத்துல யாரும் இல்லியா?"

"கரையில நாங்க எல்லாரும் இருந்தோம். நான் அவனையேதான் பாத்துட்டிருந்தேன். மீன் தப்புகான்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு ஊரில் யாரும் மீனை வாயில் வைப்பதில்லையாம். இடுப்பில் ஓலை ஈர்க்கைக் கட்டி, அதில் கோர்த்துக்கொள்வார்கள். ஞானதாசன் தன் கையாலேயே நேசையனின் இடுப்பில் ஓர் ஈர்க்கைக் கட்டிவிட்டான். நேசையனுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் கோதையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன், மீனை வாயில் கடித்துக்கொண்டே நீந்தப் பழகியவன். செத்தவனுக்குக் கைப்பழக்கம் போதவில்லை என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டான்.

உச்சிவெயில் ஏறியதும் எல்லாரும் கரையேறி, மாமரத்து நிழலில் கஞ்சிக்கலயத்தை அவிழ்த்தார்கள். நேசையன் ஏறவில்லை. அவன் ஈர்க்கில் விரல் நீளத்தில் இரண்டு குறவை மீன்கள் மட்டும் தொங்கின. இதைக் கொண்டுபோய்ப் பூங்கனி முன்னால் எப்படி நீட்டுவது? அப்போதுதான் மடைமூலையில் முன்னங்கைத் தடிமனுக்கு ஒரு வரால் துள்ளி விழுந்தது. ஞானதாசன் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். அவன் மட்டும் குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான்.

நேசையன் சத்தமில்லாமல் மடைமூலைக்கு நடந்தான்.

பாசி பிடித்த கருங்கல் சுவர், நெஞ்சளவு தண்ணீர். பார்ப்பதற்கு மற்ற இடங்களைப் போலத்தான் இருந்தது. ஆனால் மேலே வெயில் மண்டையைப் பிளக்க, கீழே கால் விறைத்தது. சேற்று வாடையைத் தாண்டி வேறொரு வாடையும் வந்தது. வெகுநாள் மூடிவைத்த பானையைத் திறந்தால் வருமே, அது.

சுவரைத் தடவிக்கொண்டே போனவனின் இடதுகையில் சின்னப் பனையேறிக் கெண்டை ஒன்று சிக்கியது. அதே நேரம், வலதுகை பட்ட பொந்துக்குள் வரால் புரண்டது. கெண்டையை ஈர்க்கில் கோர்க்க நேரமில்லை. பழைய பழக்கம் முந்திக்கொண்டது. கெண்டையின் தலையைப் பல்லில் கடித்துக்கொண்டான். இடதுகையால் பக்கத்துப் பொந்தை அடைத்தான். வலதுகையைத் தோள்வரை உள்ளே விட்டான்.

வரால் கிடைக்கவில்லை.

ஒரு கை கிடைத்தது.

முதலில் ஏதோ வேர் என்றுதான் நினைத்தான். வேர் மடங்காது. இது மடங்கியது. ஐந்து விரல்களும் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், அவன் மணிக்கட்டைச் சுற்றி மூடின. பதறிப்போய் இடதுகையை வெளியே இழுத்தான். வரவில்லை. அதையும் உள்ளிருந்து பிடித்தாயிற்று.

கத்துவதற்கு வாயைத் திறந்தான். கெண்டை வழுக்கி உள்ளே நகர்ந்தது.

சட்டென்று வாயை மூடினான். முள் மேலண்ணத்தில் ஏறி, வாயெல்லாம் ரத்தம் கரித்தது. திறந்தால் மீன் உள்ளே போகும். துப்பலாம் என்றால் செவுள் முள் நாக்கில் மாட்டியிருந்தது. மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான்.

கரை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. பலாவிலையைக் கோட்டிக் கஞ்சியை மொண்டு குடிப்பது தெரிந்தது. சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் தலையைத் தூக்கி இவனைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் காணத்துவையலைத் தொட்டுக்கொண்டார். மீன் தப்புகிறவனைக் கூப்பிட்டால் மீன் கலைந்துவிடும். யாரும் கூப்பிட மாட்டார்கள், அது ஊர் மரியாதை. பட்டப்பகலில், அத்தனை பேர் கண்முன்னால், அவன் மீன் பிடித்துக்கொண்டிருந்தான்.

உள்ளிருந்த இரண்டு கைகளும் சேர்ந்து இழுத்தன. நெற்றி கல்லில் இடித்தது. கண்ணுக்கு நேரே விரலகலத்தில் ஓர் இடுக்கு. அதற்குள்ளிருந்து யாரோ மூச்சிழுக்கிற சத்தம் வந்தது. தொண்டை அடைத்தவன் இழுக்கிற மூச்சு. நேசையன் மூச்சிழுத்தபோது அதுவும் இழுத்தது. அவன் அடக்கியபோது அதுவும் அடக்கியது.

கண் இருட்டுக்குப் பழகியது.

இடுக்குக்குள் ஒரு வாய் தெரிந்தது. உதடுகள் வெளுத்து உப்பியிருந்தன. அவற்றின் நடுவே ஒரு மீன்வால் மெல்ல அசைந்தது.

சுவருக்குப் பின்னால் ஆள் நிற்க இடமே கிடையாது. வெறும் மண்கரைதான். அது நேசையனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்ன பயன்? பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போகப்போகிறோமே என்று நினைத்தபோது அழுகை வந்தது. அழுகையிலும் வாயைத் திறக்க முடியவில்லை.

"ஞானா," என்று, கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவனான பகவதியப்பனின் குரல் தண்ணீர் மேல் மிதந்து வந்தது. "ஒனக்க மாப்ளய மடைமூலையிலயா நிக்கச் சொன்னே?"

ஞானதாசன் திரும்பினான். கையிலிருந்த கலயம் விழுந்தது. வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல் தண்ணீரில் பாய்ந்தான்.

அவன் வருவது தெரிந்ததும் பொந்துக்குள் இருந்த பிடி மாறியது. இழுப்பு நின்றது. விரல்கள் அசையாமல் காத்திருந்தன. மீன் கிட்டே வரும்போது தூண்டில்காரன் கயிற்றை அசைக்க மாட்டான். நேசையனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உள்ளே நிற்கிறவன் தன்னை மண்புழுவாகக் கோர்த்து வைத்திருக்கிறான்! வராதே என்று தலையை ஆட்டினான். கல்லில் உரசி நெற்றித்தோல் கிழிந்ததுதான் மிச்சம்.

ஞானதாசன் வந்த வேகத்தில் அவன் வாய்க்குள் இரண்டு விரலை விட்டுக் கெண்டையைப் பிய்த்தெடுத்தான்.

"போயிரும், மச்சான்," என்று நேசையன் குழறினான். "உள்ள ஆளு நிக்கான். ஒம்மளத் தேடித்தான் நிக்கான்."

"தெரியும்," என்றான் ஞானதாசன்.

அவன் நேசையனின் வலதுகையை ஒட்டித் தன் கையைப் பொந்துக்குள் விட்டான். கன்னத்தைக் கல்லில் வைத்து, கூட்டுக்காரனின் காதில் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னான்.

"ஏலே சிலுவை, அவன விடுலே. நான் வந்தாச்சு, மக்கா."

பிடி விட்டது.

நேசையன் மல்லாந்து விழுந்தான். தண்ணீர் குடித்து, எழுந்து, கரையை நோக்கித் தவழ்ந்தான். சேற்றில் கை ஊன்றி ரத்தம் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, ஞானதாசன் அங்கேயே நின்றான். கை பொந்துக்குள், நெற்றி கல்லில்.

"மச்சான்! வாரும்!"

ஞானதாசன் மீன் தப்புகிறவனைப் போல அசையாமல் நின்றான்.

எல்லாரும் இறங்கி ஓடினார்கள். இழுத்ததும் கை எளிதாக வந்துவிட்டது, உயிர்தான் இல்லை. கரையில் கிடத்தி, இறுகியிருந்த தாடையைப் பகவதியப்பன் நெம்பித் திறந்தான். திறந்தவன் கையை உதறிக்கொண்டு பின்னால் நகர்ந்தான்.

தொண்டைக்குள் ஒரு மீன்வால் அசைந்துகொண்டிருந்தது. நேசையன் வாயிலிருந்து எடுத்த கெண்டையோ சேற்றில் செத்துக் கிடந்தது.

மாமனாரும் மாமியாரும் சந்தைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் பூங்கனி ஒற்றைக்கு இருந்தாள். பிள்ளைத்தாய்ச்சியிடம் இதை வேறொருவர் சொல்லக்கூடாது என்று நேசையன் எழுந்து நடந்தான். மற்ற எல்லாரும் பிணத்தைச் சுற்றித்தான் நின்றார்கள், அவன் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான்.

வாழைத்தோட்டத்து ஒற்றையடிப் பாதையில், காய்ந்த புழுதியின்மேல், அவனுக்கு முன்னால் ஈரக் காலடிகள் போயிருந்தன. குளத்துச் சேற்றோடு, ஒரே ஆளின் காலடிகள். எல்லாம் வீட்டைப் பார்த்தே போயின.

நேசையன் ஓடினான். வாழையிலைகளுக்கு அப்பால், அடுக்களைப் பக்கத்திலிருந்து பூங்கனியின் குரல் கேட்டது.

"என்ன அண்ணே, இப்பிடி நனஞ்சிட்டு வந்து நிக்கே? மீனு கிட்டல்லியா?"

நேசையன் இலைகளை விலக்கிக்கொண்டு பாய்ந்தான்.

"பேசேன், அண்ணே." அவள் சிரித்தாள். "வாயில என்ன வச்சிருக்கே?"