தானாக உடைந்த தொண்ணூறு குமிழிகள்

'எங்கே போயிட்டீங்க? இன்னிக்கு நீங்க இன்னும் விளையாடவே இல்லையே!'

முதலாளியின் செல்போன் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டது.

முதலாளி எங்கும் போகவில்லை. நாற்காலியிலேயே இருந்தார்... கழுத்தில் சார்ஜர் ஒயர் இறுகி, நாக்கு வெளியே தள்ளி!

அந்தச் செய்தியை எழுதியவள் எதிரே நின்றாள். முதலாளி நடத்தியது பழைய சாமான் வாங்கி விற்கும் வெப்சைட். கட்டிலை விற்றவன் மறுபடி ஏன் எட்டிப் பார்க்கப் போகிறான்? அவனைத் தினமும் வரவைக்கத்தான் குமிழி உடைக்கும் விளையாட்டு. செய்துகொடுத்த புரோகிராமர் இவள். ஆபீஸில் இவளுக்குப் பெயரே குமிழி.

பாக்கிச் சம்பளம் கேட்கக் காலை பதினொரு மணிக்கு வந்தவள் பிணத்தைப் பார்த்து அலறினாள். பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் அவளையே முறைத்துக்கொண்டிருந்தார். நேற்று முதலாளி அவளை வேலையை விட்டுத் துரத்தியதும், "நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க" என்று அவள் கத்தியதும் அவர் காதுக்கு வந்துவிட்டது.

"சாபம் சீக்கிரமே பலிச்சிடுச்சு போல."

"நான் வரும்போதே செத்துக் கிடந்தார் சார்."

"எல்லாரும் சொல்றதுதான்."

பக்கத்தில் முதலாளியின் மச்சினன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பின்பக்கப் படிக்கட்டுச் சாவி அவனிடமும் உண்டு. ஆனால் கொலை நடந்த நேரமான பத்திலிருந்து பதினொன்றுவரை வீட்டில் குமிழி உடைத்துக்கொண்டிருந்தானாம்.

"கம்ப்யூட்டரைக் கேளுங்க. இவ மாதிரி அது பொய் சொல்லாது."

இன்ஸ்பெக்டர் விளையாட்டின் பதிவை எடுக்கச் சொன்னார். எடுத்தாள். மச்சினன் பெயர்... அவன் வீட்டுக் கம்ப்யூட்டர்... ஒரு மணி நேரத்தில் தொண்ணூறு குமிழி.

நாற்பது விநாடிக்கு ஒன்று. ஒரு விநாடி முன்னே பின்னே இல்லை!

சொன்னால் அவளும் மாட்டுவாள். சொல்லாவிட்டால் கொலைகாரிப் பட்டம்.

"சார்... இது அவர் ஆடினதில்ல. விளையாட்டு தானே ஆடிக்கிட்டது."

"என்ன உளர்றே?"

சொன்னாள். பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு எழுந்து போனாலும் நாற்பது விநாடிக்கு ஒரு குமிழி தானே உடையும். கூட்டம் ஆடுவதாகக் காட்டினால்தான் விளம்பரக்காரர்கள் வருவார்கள். முதலாளி உத்தரவு. மச்சினனுக்குக்கூடத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். ஆனாலும் திறந்துவைத்த பக்கம் தானே ஆடுவதை அவன் எப்படியோ கவனித்திருக்கிறான்.

"அது தப்புதான் சார். கொலை நான் பண்ணல."

"புளுகுறா! தினம் ரெண்டு லட்சம் பேர் ஆடுறாங்க. அதுல எனக்குப் பங்கு வேணும்னுதான் மாமாகிட்ட ஒரு வருஷமா மல்லுக்கட்டுறேன்."

"ஆளே இல்லாத பேர்லயும் அதுவேதான் ஆடும். நெஜமா தினம் திரும்பி வர்றவங்க பதினோரு பேர். அதுல நீங்க ஒருத்தர்."

மச்சினன் முகம் வெளுத்தது. பிணத்தின் பக்கம் திரும்பினான்.

"அடப்பாவி மாமா... இந்தப் பதினோரு பேருக்காகவா நான் உங்களை..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன செய்ய? நாலு போலீஸ்காரர்கள் காதில் விழுந்தாகிவிட்டது.

"உங்களை...? சொல்லி முடிங்க," என்றார் இன்ஸ்பெக்டர். விலங்கு மாட்டும் சத்தம் கேட்டது.

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நீயும் ஸ்டேஷனுக்குக் கிளம்பு. பொய்க் கணக்கு காட்டினதுக்குத் தனி கேஸ்."

அவள் தலையாட்டினாள். கழுத்து தப்பியதே பெரிசு.

செத்தவரின் செல்போன் மறுபடி கூப்பிட்டது. இன்ஸ்பெக்டர் அதை அணைத்தார்.

"ஆளுங்களைத் திரும்பத் திரும்ப வரவைக்க விளையாட்டெல்லாம் எதுக்கும்மா? ஒரு கேஸைப் போட்டா போதும்... வாய்தாவுக்கு வாய்தா தானா வந்து நிப்பாங்க!"