வேட்டியில் ஒட்டிய பாசி

நேற்று அழுத்தி வைத்த பாசி இன்னும் காயவில்லை. காயாததுகூடப் பரவாயில்லை, காகிதத்தை விட்டுவிட்டு மேலே போர்த்திய துணியில் போய் ஒட்டிக்கொண்டிருந்ததுதான் ரோஹிணிக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்திரேலியக் கரைகளின் கடற்பாசிகளை வகை பிரிப்பது அவள் வேலை. ஆய்வகத்தில் மழைத்தண்ணீர் புகுந்ததால், பெஹாலாவில் இருக்கும் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே பாசித் தட்டுகளைக் கொண்டுவந்திருந்தாள். பாசியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அடியில் காகிதம் கொடுத்துத் தூக்கி, தூரிகையால் கிளை கிளையாக விரித்து, மெல்லிய துணி போர்த்திப் பாரம் ஏற்ற வேண்டும். பசை வேண்டாம், பாசியின் வழவழப்பே ஒட்டிக்கொள்ளும். துணி தீர்ந்துபோனதால் கணவன் ஜெயந்தின் பழைய வேட்டியைத் துவைக்காமலே இரண்டாகக் கிழித்திருந்தாள்.

“அழுக்கு வேட்டியையா கிழிச்சே? வேர்வை நாத்தம்கூடப் போயிருக்காதே” என்று காலையில் கேட்டான்.

“பாசிக்கு மூக்கா இருக்கு?” என்றாள்.

துணியில் ஒட்டிக்கொண்டிருந்தது தெற்குக் கரையில் கிடைத்த சிவப்புப் பாசி. அதற்கு அவளுக்குத் தெரிந்த எந்த வகையும் பொருந்தவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்து, டீ போட அடுப்படிக்குப் போனாள். சாக்கடை நிரம்பிய தெருவிலிருந்து வர முடியாத உப்பு வாடை திடீரென்று வீடெங்கும் பரவியது. திரும்பி வந்தபோது பாரம் சரிந்து கிடந்தது. வேட்டியின் ஒரு பாதியைக் காணோம். ஈரத் தடம் படுக்கையறைக்குப் போயிருந்தது, ஜெயந்த் மத்தியானத் தூக்கம் போடும் அறைக்கு.

“ரோஹி, இத எடு” என்றான் அவன், மூச்சு விட முடியாமல்.

துணி அவன் மார்பில் படிந்திருந்தது. பிடித்து இழுத்தாள். தோலும் சேர்ந்து வந்தது. அலறினான். அவன் போய்விடுவானோ என்ற பயத்தில் கத்தியைக் கொண்டுவந்து சுரண்டினாள். சுரண்டச் சுரண்டச் சிவப்புக் கிளைகள் சதைக்குள் இறங்கின. எது பாசி, எது ரத்தம், தெரியவில்லை. இன்னும் ஆழமாக வெட்டினாள். விலா எலும்பு முறிந்தது. இன்னொன்று. மேலே பாரம் எதுவும் இல்லை. அவன் மட்டும் அழுந்திக்கொண்டே போனான்.

பிறகு சத்தம் நின்றது.

கட்டிலில் ஜெயந்த் தட்டையாகக் கிடந்தான். கைகள் விரிந்திருந்தன. விரல்கள் ஒன்றையொன்று தொடவில்லை. அவள் தூரிகையால் விரித்து வைப்பாளே, அதே நேர்த்தி.

கத்தியைக் கீழே போடப் பார்த்தாள். கை திறக்கவில்லை. விரல்களுக்கு நடுவே வழவழப்பு.

முதுகுக்குப் பின்னால் ஈரத்துணி தரையில் உரசி வந்தது. வேட்டியின் மறுபாதி.