ஐந்தாவது ஃப்யூஸ்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடக் கற்பனை இல்லை. கமா, முற்றுப்புள்ளி உட்பட.

ட்ரிங்... ட்ரிங்...

ரேடியோ ரிப்பேர்க்காரர் ஷார்ஷென் டீக்கிண்ணத்தை வைக்காமலே போனை எடுத்தார்.

"அண்ணே, நாலாவது ஃப்யூஸும் போயிடுச்சு."

பேசியவன் ஜூமாபாய். அந்தக் கிர்கிஸ் மலைப்பக்கத்தில் எந்தக் கல்யாணமானாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு விருந்தை நடத்துகிறவன். இன்று உச்-கராகாத் கிராமத்தில், குதிரைப்பண்ணைக்காரர் மகள் பெர்மெத்துக்குக் கல்யாணம். பெரியவர்களுக்கு ஆட்டுத்தலை வைத்தாகிவிட்டது. பாட வந்த எர்மெக் கிதாரோடு எழுந்து நிற்கிறான். ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் சுவிட்சைப் போட்டால்... டப்! மறுபடி போட்டால்... மறுபடி டப்!

வேறு ஃப்யூஸ் இருக்கிறதா என்று கேட்டார் ஷார்ஷென்.

"இல்ல. கவலைப்படாதீங்க, ஆணி இருக்கு."

டீ சிந்தியது!

ஃப்யூஸ் தீர்ந்தால் ஆணி. உச்-கராகாத்தில் அது பழக்கம். வீட்டு மெயின் போர்டு முதல் டிராக்டர்வரை எல்லாமே ஆணியில்தான் ஓடுகின்றன.

"ஜூமாபாய்... அந்த ஆணிய கீழ போடு. நான் வர்ற வரைக்கும் எவனும் பெட்டிய தொடக்கூடாது."

பதினைந்து கிலோமீட்டர். மோட்டார் சைக்கிள் பறந்தது. வழியில் ஒரு செம்மறிக்கூட்டம் நடுரோட்டில் நின்று அவரை யோசனையோடு பார்த்தது. ஷார்ஷென் அதன் பரம்பரையையே திட்டிவிட்டு வயல்வெளியில் இறங்கிப் போனார்.

மத்தியானம் இரண்டு மணி. கூடாரத்துக்குப் பின்னால் பெட்டியைத் திறந்தார். ஜூமாபாய் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தான். கூட்டம் பொறுமை இழக்கிறதாம். மாப்பிள்ளையின் சித்தப்பா தானே பாடப்போவதாக மிரட்டுகிறாராம்!

ஷார்ஷென் ஃப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு நூறு வாட் பல்பை மாட்டினார். பல்பு மங்கலாக எரிந்தால் பெட்டி நல்ல பெட்டி. பளிச்சென்று எரிந்தால், உள்ளே எங்கோ மின்சாரம் தப்பான வழியில் ஓடுகிறது.

சுவிட்ச்.

பளிச்!

வால்வுகள் நான்கையும் பிடுங்கினார். பளிச். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றினார்... அப்போதும் பளிச்!

மிச்சம் இருந்தது வயர் மட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்தார்.

ஒரு வயரின் தோல் கத்தியால் சுரண்டப்பட்டிருந்தது. உள்ளேயிருந்த செம்பு, பெட்டியின் இரும்பில் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

எலி கடிக்கும். ஆனால் முடிச்சுப் போடாது.

ஷார்ஷென் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஃப்யூஸ் இருக்கும்வரை டப்போடு போய்விடும். ஆணி போட்டால்? மெல்லிசான எர்த் வயர்தான் முதலில் எரிந்து அறும். அப்புறம் மொத்தப் பெட்டியிலும் இருநூற்றிருபது வோல்ட். கிதார் கம்பியிலும்தான்! விரல் கம்பியில், உதடு மைக்கில்...

எர்மெக் பிணம்!

எவனோ இந்த ஊரின் ஆணிப் பழக்கத்தை நம்பியே கொலைக்குத் திட்டம் போட்டிருக்கிறான். மாப்பிள்ளையா? ஜூமாபாயா?

எர்மெக்கைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, உன்ன யாரோ கொல்லப் பாத்திருக்காங்க."

"கொல்லவா? அந்த வயருக்கு ஃப்யூஸ் மட்டுந்தானே போகும்?"

"எந்த வயர்? நான் இன்னும் வயரப் பத்தியே பேசலயே."

எர்மெக் வெளுத்துப் போனான். காதுகூட வெளுத்தது.

கொலைகாரனும் அவனே... சாகவிருந்தவனும் அவனே!

பெர்மெத்தும் அவனும் மூன்று வருடமாக விரும்பினார்களாம். அவள் அப்பாவுக்கு அது தெரியாதாம். தெரியாமலே, பாட வா என்று அவனையே அழைத்துவிட்டாராம்.

"வரமாட்டேன்னு எப்படி அண்ணே சொல்றது? அழைச்ச கல்யாணத்துல பாடலன்னா எங்கம்மாவ ஊரே காறித் துப்பும். பெட்டி செத்துப்போச்சுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"எல்லாம் சரி. ஆணிய மறந்துட்டியே."

"ஆமா... மறந்துட்டேன்."

ஷார்ஷென் அந்த வயரை வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றினார். பெட்டி காலமாகிவிட்டது, இன்று கிதார் இல்லை என்று அறிவித்தார்.

எர்மெக் முதல் தடவையாக மூச்சு விட்டான்.

"கிதார் போனா போகட்டும்," என்றார் பெண்ணின் அப்பா. "இந்தா, கொமுஸ் வாசி."

மூன்றே நரம்புள்ள நாட்டு வாத்தியம். வயர் கிடையாது. ஃப்யூஸ் கிடையாது. தப்பிக்க வழியும் கிடையாது!

எர்மெக் கல்யாணப் பாட்டைத்தான் தொடங்கினான். மூன்றாவது அடியில் குரல் உடைந்தது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெர்மெத் எழுந்து நின்றாள். நேராக அவன் முன்னால் வந்தாள்.

"இத பாட உனக்கு மூணு வருஷமாச்சா?" என்றாள்.

மாப்பிள்ளையின் சித்தப்பா புளித்த குதிரைப்பால் குமிஸ் கிண்ணத்தைக் காலி செய்து நிமிர்வதற்குள், பண்ணையில் இரண்டு குதிரைகளைக் காணோம்.

சந்தேகம் இருப்பவர்கள் நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம். கையில் ஒரு லாந்தர் இருக்கட்டும்... உச்-கராகாத்துக்கு இன்றுவரை கரண்டே வந்து சேரவில்லை.